கதவைத் தூக்கிப் பிடித்தவரின் மகன்



நம் மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது நான் திருதிருவென்று முழித்தேன். காந்தி, பாரதி, அப்துல் கலாம் எல்லோரையும் ஏற்கெனவே ஆளுக்கொருவர் பிடித்துக்கொண்டார்கள். நூலகத்தில் மூலை அலமாரியைக் குடைந்தபோது அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம் கைக்கு வந்தது. அதில்தான் இந்தச் சீனக் கிழவரைச் சந்தித்தேன். அவர் பெயர் கன்பூசியஸ்.

தத்துவம் என்றாலே கொட்டாவி விடுகிற ஆள் நான். கரண்ட் போன ஒரு ராத்திரி பொழுது போகாமல்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்த பிறகு தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக் கதவு

கி.மு. 551. அப்போது சீனா ஒரே நாடாக இல்லை. ஜௌ வம்சத்து அரசர் ஒருவர் பேருக்கு மேலே உட்கார்ந்திருந்தார். கீழே பல சிற்றரசுகள் ஒன்றையொன்று அடித்துப் பிடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று லூ நாடு. இன்றைய ஷான்டோங் மாகாணத்தில் இருக்கும் சூஃபூ என்ற ஊர்தான் அதன் தலைநகர். அந்த ஊர்ப் பக்கம்தான் கன்பூசியஸ் பிறந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் சியூ. குடும்பப் பெயர் கொங். பிற்காலத்தில் மரியாதையாக கொங் ஃபூட்சு, அதாவது கொங் ஆசான் என்றார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து சீனா போன ஐரோப்பியப் பாதிரியார்கள் அதை லத்தீன் மொழிக்கு வளைத்து கன்பூசியஸ் ஆக்கினார்கள். உலகமே அவரைக் கூப்பிடும் பெயரை அவர் தம் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை!

அவருடைய அப்பா ஷூலியாங் ஹெ ஒரு போர்வீரர். மகன் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பு, கி.மு. 563-இல், பியாங் என்ற கோட்டையை முற்றுகையிட்டார்கள். கோட்டை வாசல் திறந்தது. படை உள்ளே நுழைந்ததும் மேலேயிருந்து கனத்த கதவை இறக்கினார்கள். உள்ளே போனவர்கள் பொறியில் மாட்டிய எலி மாதிரி. அப்போது ஹெ என்ற இந்த மனிதர் இறங்கிய கதவைத் தம் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாராம். அவர் தாங்கி நின்ற நேரத்தில் சிக்கியிருந்த வீரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பழைய சீன வரலாற்று நூலில் அவருடைய பெயர் நிலைத்ததற்குக் காரணம் அந்தப் பலம்தான்.

வயதான காலத்தில் பிறந்த பிள்ளை. பையனுக்கு மூன்று வயதாகும்போதே அப்பா போய்விட்டார். அம்மா யென் ஜெங்ட்சாய் தனியாக, வறுமையில் வளர்த்தார். அப்பாவின் சமாதி எங்கே இருக்கிறது என்றுகூட அந்தப் பையனுக்குத் தெரியாமல் இருந்தது. பிற்பாடு அம்மாவும் இறந்தபோது, ஊரில் ஒரு வயதான அம்மாளிடம் விசாரித்து இடத்தைத் தெரிந்துகொண்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவை அடக்கம் செய்தார். இதையெல்லாம் எழுதி வைத்தவர் சூமா சியென் என்ற சீன வரலாற்றாசிரியர். கன்பூசியஸ் காலத்துக்கு ஏறக்குறைய நானூறு வருஷம் கழித்து வாழ்ந்தவர் அவர்.

கணக்கும் கால்நடையும்

பத்தொன்பது வயதில் கல்யாணம். பிறகு ஒரு ஆண் குழந்தை. சம்பாதித்தே ஆக வேண்டும். லூ நாட்டில் மன்னரைவிடப் பலம் படைத்த பிரபுக் குடும்பம் ஒன்று இருந்தது. பெயர் ஜீ. அவர்களுடைய தானியக் கிடங்கில் அளவும் கணக்கும் பார்க்கும் வேலை கிடைத்தது. அப்புறம் ஆடு மாடுகளைக் கவனிக்கும் வேலை. கிடங்குக் கணக்கு சரியாக இருந்ததாம், கால்நடை பெருகியதாம். சின்ன வேலை என்று சலித்துக்கொண்டு செய்யவில்லை.

இளமையில் ஏழையாக இருந்ததால்தான் தமக்குப் பல கைவேலைகள் தெரியும் என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நாடு முழுக்கப் பெயர் எடுத்த பிறகும் அதை மறைக்கவில்லை. நண்பர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

ஒருமுறை அந்த ஜீ குடும்பம் படித்தவர்களுக்கு விருந்து வைத்தது. இளைஞர் கன்பூசியஸும் போனார். வாசலில் யாங் ஹூ என்ற அதிகாரி தடுத்து, விருந்து பெரிய மனிதர்களுக்குத்தான், உன் போன்றவர்களுக்கு இல்லை என்கிற மாதிரி பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். வாசலோடு திரும்பிய அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது! இந்த யாங் ஹூவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

சந்தேகம் கேட்பது வெட்கமா?

சடங்கு முறைகளில் அவர் கெட்டிக்காரர் என்று பேர் வந்துவிட்டது. அந்த நேரத்தில் நாட்டின் பெரிய கோயிலுக்குள் போனார். இது எதற்கு, அது எதற்கு என்று ஒவ்வொன்றையும் விசாரித்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் கேலி செய்தார். அப்பாவுடைய ஊரைச் சொல்லி, அந்த ஊர்க்காரன் மகனுக்கா சடங்கு தெரியும், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கானே என்று. பெயர் சொல்லக்கூட இல்லை, இன்னாருடைய மகன் என்றதே கிண்டல். கன்பூசியஸ் கோபப்படவில்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

வகுப்பில் சந்தேகம் கேட்டால் சிரிப்பார்கள் என்று நான் முதல் செமஸ்டர் முழுக்க வாய் திறக்கவில்லை. கணக்கில் அரியர் வந்ததுதான் மிச்சம்.

இசையும் கற்றார். ஷியாங் என்ற ஆசிரியரிடம் ஒரு தந்தி வாத்தியம் கற்றுக்கொண்டபோது ஒரே பாட்டைப் பத்து நாளாக வாசித்தார். ஆசிரியர் அடுத்ததுக்குப் போகலாம் என்றார். இவர் மறுத்தார். மெட்டு வந்துவிட்டது, கைத்திறமை வரவில்லை என்றார். பிறகு திறமை வந்தது, அதன் பொருள் புரியவில்லை என்றார். அதுவும் புரிந்த பிறகு, இதை இயற்றிய மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரியும் வரை விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நம் ஃபிட்டிங் ஷாப்பில் ஸ்கொயர் ஃபிட்டிங் முடிவதற்குள் வி ஃபிட்டிங்குக்கு ஓடுகிற நமக்கு இது ஒரு சூடு!

காய்ந்த இறைச்சி ஒரு கட்டு

முப்பது வயதை ஒட்டி அவர் மாணவர்களைச் சேர்க்க ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் கல்வி என்பது பிரபு வீட்டுப் பிள்ளைகளின் சொத்து. இவரோ, காய்ந்த இறைச்சி ஒரு கட்டு மட்டும் காணிக்கையாகக் கொண்டுவந்தால் போதும், யாராக இருந்தாலும் சொல்லித் தருவேன் என்று கதவைத் திறந்து வைத்தார். குருவைப் பார்க்கப் போகிறவர் கொடுக்கும் மிகச் சாதாரணமான காணிக்கை அது. மொத்தம் மூவாயிரம் பேர் அவரிடம் படித்தார்கள் என்பது மரபு. நம் மாதிரி முதல் தலைமுறைப் பட்டாளமும் அதில் நிச்சயம் இருந்திருக்கும்.

அவர்களில் மூன்று பேரைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒருவர் ட்சூலு. முரட்டு ஆள். சேவல் இறகு செருகிய தொப்பியும் பன்றித்தோல் அணியும் போட்டுக்கொண்டு ஆரம்பத்தில் கன்பூசியஸிடமே வம்பு வளர்த்தவர். நம்ம பாஷையில் சொன்னால் கடைசி பெஞ்ச். ஆசானிடமே முகத்துக்கு நேராகச் சண்டை போடுவார், ஆனால் உயிரையும் கொடுப்பார்.

இரண்டாமவர் ட்சுகோங். வியாபாரி, பேச்சுத் திறமைசாலி, பணக்காரர்.

மூன்றாமவர் யென் ஹுய். குறுகலான சந்தில் குடியிருந்தார். சாப்பாடு மூங்கில் கூடையில் கொஞ்சம் சோறு, சுரைக்குடுக்கையில் தண்ணீர். வேறு யாராவது இருந்தால் அந்த நிலைமையைத் தாங்க மாட்டார்கள். இவர் முகத்தில் மட்டும் சந்தோஷம் குறையவே இல்லை. ஆசானுக்கு இவர்மேல்தான் கொள்ளைப் பிரியம்.

ஒருநாள் தம்முடன் இருந்த நான்கு மாணவர்களிடம், உங்கள் ஆசை என்ன என்று கேட்டார் கன்பூசியஸ். ஒருவர் நாட்டைக் காப்பாற்றுவேன் என்றார். ஒருவர் மக்களுக்கு வயிறார உணவு கிடைக்கச் செய்வேன் என்றார். ஒருவர் அரசுச் சடங்கில் சிறிய அதிகாரியாக இருந்தால் போதும் என்றார். நான்காமவர் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, வசந்த காலத்தின் கடைசியில் புது உடுப்பு போட்டுக்கொண்டு, சில நண்பர்களோடும் சிறுவர்களோடும் யி ஆற்றில் குளித்து, மேட்டில் காற்று வாங்கி, பாடிக்கொண்டே வீடு திரும்புவதுதான் தம் ஆசை என்றார். கன்பூசியஸ் பெருமூச்சு விட்டுத் தாமும் அவர் பக்கம்தான் என்று சொன்னார்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். பதவிக்காகக் கடைசி வரை அலைந்த மனிதருடைய மனதின் அடியில் இருந்த ஆசை, செமஸ்டர் லீவில் நாம் கிணற்றில் குதித்துவிட்டு ஈரத் தலையோடு வீட்டுக்குப் போகிற அதே ஆசைதான்! யாராவது நன்றாகப் பாடினால் இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தாமும் சேர்ந்து பாடுவாராம் அவர். முப்பத்தைந்து வயதில் பக்கத்து நாடான சீ நாட்டுக்குப் போனார் (நாட்டின் பெயரே அதுதான், சிரிக்காதீர்கள்). அங்கே ஷாவ் என்ற பழைய இசையைக் கேட்டுவிட்டு மூன்று மாதம் இறைச்சியின் ருசியே தெரியாமல் இருந்தார் என்று அவருடைய மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கண் தெரியாத ஒரு இசைக்கலைஞர் ஒருநாள் அவரைப் பார்க்க வந்தார். படி வந்ததும் இது படி என்றார் கன்பூசியஸ். பாய் வந்ததும் இது பாய் என்றார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, இங்கே இன்னார், அங்கே இன்னார் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். விருந்தாளி போன பிறகு ஒரு மாணவர் இதைப் பற்றிக் கேட்டார். கண் தெரியாதவரிடம் நடந்துகொள்ளும் முறை இதுதான் என்றார். அவர் சொன்ன சடங்கு, மரியாதை எல்லாவற்றுக்கும் எனக்குப் புரிந்த அர்த்தம் இதுதான். எதிரில் இருப்பவருக்குத் தடுமாற்றம் இல்லாமல் பார்த்துக்கொள்வது.

நாற்காலி வந்தது, போனது

ஐம்பது வயதுக்கு மேல்தான் பதவி வந்தது. கி.மு. 501-இல் ஜோங்டூ என்ற ஊரின் நிர்வாகி ஆனார். பிறகு லூ நாட்டின் நீதித்துறை அமைச்சர். கி.மு. 500-இல் ஜியாகு என்ற இடத்தில் லூ மன்னரும் சீ மன்னரும் சந்தித்தபோது மன்னருக்குத் துணையாகப் போனார். சீ நாடு பிடித்து வைத்திருந்த நிலங்கள் அதன் பிறகு திரும்பக் கிடைத்தன.

அந்த நாட்களில் ஒருமுறை அவருடைய குதிரை லாயம் தீப்பிடித்து எரிந்துவிட்டது. அரண்மனையிலிருந்து திரும்பி வந்தவர், யாருக்காவது காயமா என்று மட்டும் கேட்டார். குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காலத்தில் குதிரை என்பது பெரிய சொத்து. லாயத்தில் வேலை செய்தவர்களோ ஏழைகள். மூட்டையோடு ஒருவர் வழுக்கி விழுந்தால், மூட்டை கிழிந்துபோச்சா என்று முதலில் கேட்கிற குரலை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அதனால் இந்தச் சம்பவம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

நாட்டில் மூன்று பிரபுக் குடும்பங்கள் தனித்தனிக் கோட்டை கட்டிக்கொண்டு மன்னரைப் பொம்மையாக்கி வைத்திருந்தன. கி.மு. 498-இல் அந்தக் கோட்டைச் சுவர்களை இடிக்க முயன்றார்கள். இரண்டு இடிந்தன. மூன்றாவதை இடிக்க முடியவில்லை. இதற்கிடையில் சீ நாடு தந்திரம் செய்து, ஆடல் அழகிகள் 80 பேரையும் குதிரைகள் 120-ஐயும் பரிசாக அனுப்பியது என்கிறார் சூமா சியென். ஆட்சியில் இருந்தவர்கள் ஆட்டம் பார்க்க உட்கார்ந்து அரச வேலையை மறந்தார்கள். கி.மு. 497-இல், 54 வயதில், கன்பூசியஸ் பதவியை விட்டு நாட்டை விட்டே கிளம்பிவிட்டார்.

பதினான்கு வருட நடை

அதற்கப்புறம் பதினான்கு வருடம்! வெய், சொங், சென் என்று நாடு நாடாக, நல்ல ஆட்சி நடத்த ஒரு மன்னராவது வாய்ப்புத் தர மாட்டாரா என்று அலைந்தார். ஒருவரும் உருப்படியான வாய்ப்புத் தரவில்லை.

குவாங் என்ற ஊரில் மக்கள் அவரைச் சூழ்ந்து பிடித்துக்கொண்டார்கள். காரணம் என்ன தெரியுமா? அந்த ஊரை முன்பு கொடுமைப்படுத்திய யாங் ஹூவைப் போல இவர் முகம் இருந்ததாம். எந்த ஆள் வாசலில் நிறுத்தித் துரத்தினாரோ, அதே ஆள் என்று நினைத்து அடிக்க வந்தார்கள். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! சொங் நாட்டில் ஒரு மரத்தடியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியபோது, ஹுவான் டுய் என்ற தளபதி அவரைக் கொல்ல நினைத்து அந்த மரத்தையே சாய்க்கச் செய்தான்.

கி.மு. 489-இல் சென், ட்சாய் நாடுகளுக்கு நடுவே நடு வழியில் உணவு தீர்ந்தது. மாணவர்கள் எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிட்டார்கள். ட்சூலு பொறுக்க முடியாமல், நல்லவர்களுக்கும் இப்படி வருமா என்று ஆசானிடம் சண்டைக்கே போனார். வரும், ஆனால் நல்லவன் அதில் நிலை தவறமாட்டான் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டு வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தார் கிழவர்.

இன்னொரு தடவை ஜெங் நாட்டில் மாணவர்களைப் பிரிந்து ஊர் வாசலில் தனியாக நின்றார். அவரைப் பார்த்த ஒருவர், வீடு இல்லாத நாய் மாதிரி ஒரு ஆள் நிற்கிறான் என்று ட்சுகோங்கிடம் சொன்னார். ட்சுகோங் அதை அப்படியே ஆசானிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்து, அது சரிதான், சரிதான் என்றாராம். தன்னைப் பற்றி யார் என்ன நினைப்பார்களோ என்று பயந்து சாகிற எனக்கு, அந்தச் சிரிப்பு பெரிய பாடம்.

சரியான பெயர்

இப்போதுதான் நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

வெய் நாட்டில் கி.மு. 493-இல் மன்னர் இறந்தார். அவருடைய மகன் அரண்மனைச் சண்டையில் ஏற்கெனவே நாட்டை விட்டு ஓடியிருந்தார். அதனால் பேரன் அரியணை ஏறினார். வெளியே இருந்த அப்பா ஊருக்குத் திரும்பப் பார்த்தார். மகனுடைய படை அவரைத் தடுத்து நிறுத்தியது. பெற்ற அப்பாவை மகன் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டான்.

இந்த நாட்டின் பொறுப்பு உங்களிடம் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று ட்சூலு கேட்டார். பெயர்களைச் சரி செய்வேன் என்றார் கன்பூசியஸ். ட்சூலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊர் பற்றி எரியும்போது பெயராவது ஒன்றாவது என்று எரிச்சல்பட்டார். கன்பூசியஸ் அவரைக் கடிந்துகொண்டு விளக்கினார். நான் புரிந்துகொண்டதை நம்ம பாணியில் சொல்கிறேன். டிராயிங்கில் ஷாஃப்ட் என்று எழுத வேண்டிய இடத்தில் புஷ் என்று எழுதிவிட்டால் லேத்தில் நிற்பவர் என்ன செய்வார்? இரும்பும் வீண், நாளும் வீண். அதே மாதிரி அப்பா என்ற பெயருக்கு உரியதை அப்பாவுக்கும், மகன் என்ற பெயருக்கு உரியதை மகனுக்கும் செய்யாவிட்டால், அதற்கு மேலே கட்டுகிற எதுவும் நேராக நிற்காது.

நண்பர்களே, நான் முதலாம் ஆண்டு சேர்ந்த புதிதில், வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து அப்பா என்ன செய்கிறார் என்று சொன்னோம். என் முறை வந்தது. மண்டியில் கணக்கு எழுதுகிறார் என்றேன். பொய். எங்க அப்பா வெங்காய மண்டியில் லோடுமேன். விடியற்காலை மூன்று மணிக்கு லாரி வந்ததும் சும்மாடு கட்டிக்கொண்டு மூட்டை தூக்க ஆரம்பித்தால், வெயில் ஏறின பிறகுதான் டீ குடிப்பார். அவர் பிடரியில் தோல் காய்த்து மரத்துப்போயிருக்கும்.

அந்த வருஷம் மழைக் காலத்தில் ஒருநாள் ஃபீஸ் பணமும் அம்மா செய்த எள்ளுருண்டையும் எடுத்துக்கொண்டு வேலை முடிந்த கையோடு அப்பா ஹாஸ்டல் கேட்டுக்கு வந்துவிட்டார். வெங்காயச் சருகு ஒட்டின லுங்கி, நனைந்த துண்டு. பக்கத்தில் நின்ற நண்பர்கள் யாருடா என்றார்கள். ஊர்க்காரர், அப்பா கொடுத்து அனுப்பியிருக்கார் என்றேன். அப்பா காதில் அது விழுந்தது. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு நண்பர்களைப் பார்த்து, ஆமாம் தம்பி, இவங்க அப்பாதான் கொடுத்துவிட்டார் என்று சொல்லி, பையை என் கையில் கொடுத்துவிட்டு மழையிலேயே திரும்பி நடந்தார். என் பொய்யையும் அவரே தூக்கிக்கொண்டு போனார்.

அந்தப் புத்தகத்தைப் படித்த ராத்திரி ஏன் தூங்கவில்லை என்று இப்போது புரிகிறதா? கன்பூசியஸ் நிஜமாகவே கணக்கு எழுதினார். அவருடைய அப்பாதான் பாரம் தூக்கினார். ஊர்க்காரன் மகன் என்று கேலி செய்தபோதும் அவர் மறுக்கவில்லை. நானோ யாரும் கேலி செய்வதற்கு முன்னாலேயே மறுத்துவிட்டேன்.

கடைசிக் காலம்

கி.மு. 484-இல், 67 வயதில், அவரை லூ நாட்டுக்குத் திரும்ப அழைத்தார்கள். மரியாதை செய்தார்கள், அதிகாரம் தரவில்லை. மிச்ச நாளைப் பாடம் சொல்வதிலும் பழைய நூல்களிலும் கழித்தார். அடிமேல் அடி. மகன் அவருக்கு முன்பே இறந்தார். அப்புறம் யென் ஹுய் இறந்தார். அன்று அவர் அழுத அழுகையைப் பார்த்து மாணவர்களே, அளவு மீறிப் போகிறதே என்றார்கள். இவனுக்காக அழாமல் வேறு யாருக்காக அழுவேன் என்று திருப்பிக் கேட்டார். கி.மு. 480-இல் வெய் நாட்டில் அந்த அப்பா திரும்பி வந்து பதவியைப் பிடித்தபோது நடந்த சண்டையில் ட்சூலு செத்தார். சாகும் நேரத்திலும் அறுந்த தொப்பிக் கயிற்றைக் கட்டிக்கொண்டாராம், ஆசானிடம் கற்ற ஒழுங்கு.

மறு வருஷம், கி.மு. 479-இல், கன்பூசியஸ் காலமானார். அவர் நினைத்த நல்லாட்சி எங்கும் வரவில்லை. மாணவர்கள் சமாதி அருகே மூன்று வருஷம் துக்கம் காத்தார்கள். ட்சுகோங் மட்டும் இன்னும் மூன்று வருஷம் குடிசை போட்டுத் தங்கினார். ஆசான் சொன்னதையும் செய்ததையும் மாணவர்களும் அவர்களுடைய மாணவர்களும் தொகுத்ததுதான் இன்று நமக்குக் கிடைக்கிற லுன்யூ என்ற நூல்.

கி.மு. 213-இல் சின் பேரரசர் பழைய நூல்களை எரிக்க உத்தரவிட்டார். ஆனால் அடுத்து வந்த ஹான் வம்சம் கன்பூசியஸ் வழி நூல்களை அரசுப் பாடமாக்கியது. பிறகு அவற்றை வைத்து அரசு வேலைக்குத் தேர்வு நடத்தும் முறை வளர்ந்து, 1905 வரை நீடித்தது. பதவி கிடைக்காமல் அலைந்தவருடைய பாடம், பல நூற்றாண்டுகள் மற்றவர்களுக்குப் பதவி வாங்கித் தந்தது!

எனக்குப் பிடிக்காததும் உண்டு

எல்லாவற்றையும் கண்ணை மூடி ஏற்கச் சொல்லவில்லை. ஒரு மாணவர் விவசாயம் சொல்லித் தரக் கேட்டபோது, வயதான விவசாயியைக் கேள் என்று அனுப்பிவிட்டு, அவர் போன பிறகு சிறிய மனிதன் என்று சொல்லியிருக்கிறார் கன்பூசியஸ். கைவேலை தெரிந்தவர், ஏழையாக வளர்ந்தவர், இப்படிச் சொல்லலாமா? கையில் அரம் பிடித்துப் பிழைக்கப் போகிற எனக்குக் கோபம்தான் வந்தது. பெண்களுக்கு அவருடைய பள்ளியில் இடம் இருந்ததாகவும் தெரியவில்லை. பின்னால் வந்த ஆட்சியாளர்கள் கீழ்ப்படி, கீழ்ப்படி என்று மக்களை அடக்க அவர் பெயரை நன்றாகப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் 1919-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீன மாணவர்களே அவரை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1966-இல் செங்காவலர்கள் சூஃபூவில் அவருடைய சமாதியை உடைத்தார்கள். பிறகு அது சீரமைக்கப்பட்டு, 1994-இல் அங்குள்ள கோயிலும் இடுகாடும் குடும்ப மாளிகையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின.

நான் எடுத்துக்கொண்டது

சந்தோஷமாக வாழ வழி சொல்லும் புத்தகங்கள் பஸ் ஸ்டாண்டு கடையில் நிறைய தொங்குகின்றன. நான் இந்தக் கிழவரிடமிருந்து நான்கு விஷயம் மட்டும் எடுத்துக்கொண்டேன். தெரியாததைக் கேட்பது. கையில் உள்ள வேலை முடியாமல் அடுத்ததுக்குத் தாவாதது. காசு இல்லாத சந்தோஷத்தைத் தவறவிடாதது. மனிதர்களை அவர்களுக்குரிய சரியான பெயரால் அழைப்பது.

முதலாவதைச் செய்தேன். கணக்கு சாரிடம் வகுப்பிலேயே எழுந்து கேட்டேன். சிரித்தார்கள். அரியர் பாஸ். இரண்டாவதையும் செய்தேன். என் ஸ்கொயர் ஃபிட்டிங்கை மூன்று தடவை திருப்பி அரம் போட்டேன். மட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோது இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை. அன்றைக்கு வந்த சந்தோஷம் இருக்கே, அதுதான் மூன்றாவது!

நான்காவதுதான் கஷ்டமாக இருந்தது. லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒரு விடியற்காலை அவரோடு நானும் மண்டிக்குப் போனேன். மூட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், பத்து அடி நடக்க முடியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் யாரு இந்தத் தம்பி என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவர் மகன் என்றேன்.

இந்த மலர் கைக்கு வந்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். நம் ஆண்டு விழாவுக்கும் வரச் சொல்லியிருக்கிறேன். லுங்கியோடு வந்தாலும் சரி, வேட்டியோடு வந்தாலும் சரி, கேட்டில் நானே நின்று கூட்டி வருவேன். நண்பர்களே, அன்றைக்கு அவர் யார் என்று என்னை மறுபடியும் கேளுங்கள்.



– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு